டோக்கியோவில் பைக்: ஊர் லைசென்ஸை மாற்றுவதா, பள்ளியில் சேர்வதா?

கேள்வி: கோவில்பட்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஜப்பான் வந்து ஏழு மாதம் ஆகிறது. வீடு நிஷி-கசாயில், வேலை ஓதேமாச்சியில். டோசாய் ரயிலில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம் என்றார்கள். காலை எட்டு மணிக்கு அதில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இறங்கியதும் சட்டைப் பொத்தானை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் நான் பைக் தேடுவது அதற்காக இல்லை. ஆபீசுக்கு ரயிலிலேயே போய்க்கொள்கிறேன். சனி, ஞாயிறு வந்தால்தான் கை அரிக்கிறது.

ஊரில் பத்து வருடம் ஓட்டினேன். முதலில் அப்பாவின் ஸ்பிளெண்டர், அப்புறம் சொந்தமாக ஒரு பல்சர். சாரல் விழுகிறது என்று யாராவது போனில் சொன்னால் போதும், அரை மணி நேரத்தில் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுகிற ஆள். இங்கே வந்த பிறகு நான் பிடித்த ஒரே ஹேண்டில்பார் வாடகை சைக்கிளுடையது.

2015-ல் எடுத்த கியர் பைக் லைசென்ஸ் இருக்கிறது. வரும்போது இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கி வந்தேன். இந்த பெர்மிட்டை வைத்தே ஓட்டி, முடியும்போது ஊருக்கு ஒரு நடை போய்ப் புதிதாக வாங்கி வந்தால் போதாதா? இல்லை, ஜப்பான் லைசென்ஸாக மாற்றித்தான் ஆக வேண்டுமா? ஆபீசில் ஒருவர், "மாற்றும் தேர்வில் நம்மாட்கள் ஃபெயில்தான் ஆகிறார்கள், பேசாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிடு" என்கிறார். பத்து வருடம் ஓட்டியவன் ஸ்கூலில் போய் என்ன கற்பது?

எத்தனை சி.சி. வண்டி வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். சித்திரையில் மனைவி வருகிறாள். பின்னால் உட்கார வைத்து ஃபுஜி மலை காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.


பதில் 1: உரயாசு மாமா

தம்பி, நான் தடுக்கிற கட்சி. லைசென்ஸ் இருக்கட்டும், வண்டியை எங்கே நிறுத்துவாய்? அதை முதலில் சொல். கார் வாங்கினால் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று காட்ட வேண்டும். பைக்குக்கு அந்தச் சான்று வேண்டாம். அதனால் எல்லோரும் முதலில் வாங்கிவிடுவார்கள், அப்புறம்தான் இடம் தேடுவார்கள். பெரும்பாலான அடுக்ககங்களில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பைக் விடக் கூடாது. உன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படி.

தெருவோரம் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. பச்சைச் சீருடை போட்ட பெரியவர்கள் இருவர் இருவராக நடந்து வருவார்கள். 2006 ஜூனிலிருந்து இந்த ஏற்பாடு. போலீஸ் இல்லை, போலீஸ் நியமித்த கண்காணிப்பாளர்கள். படம் எடுப்பார்கள், மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். என் பழைய ஸ்கூட்டரில் காபி குடிக்கப் போன பத்து நிமிஷத்துக்கு 9,000 யென் கட்டினேன். அந்தக் காபியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. வாடகை வண்டி எடு, ஓட்டு, திருப்பிக் கொடு.


பதில் 2: அரகாவா கரை

கோவில்பட்டித் தம்பிக்கு: நான் எட்டயபுரம். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பெர்மிட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுக்கிற பெர்மிட்டை ஜப்பான் ஏற்கும், நம்முடையது அந்த வகைதான். அதில் ‘ஏ’ பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா பார். விழுந்திருந்தால் பைக் ஓட்டலாம். ஆனால் ஜப்பானுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடம், அல்லது பெர்மிட் காலாவதியாகும் நாள், எது முந்துகிறதோ அதுவரைதான். ஒரு நடை போய்ப் புதிதாக வாங்கி வருகிற யோசனை செல்லாது. இங்கே முகவரி பதிந்து வசிப்பவர் வெளிநாடு போய் மூன்று மாதம் தங்காமல் திரும்பினால், அந்த ஒரு வருடம் புதிதாகத் தொடங்காது. தீபாவளிக்குப் பத்து நாள் போய் வந்து ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டின கணக்கு. அபராதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை, விசா வரைக்கும் வில்லங்கம். ஆக உனக்கு மிச்சம் ஐந்து மாதம். அதற்குள் மாற்றிவிடு.

மாற்றுவதை இங்கே ‘கைமென் கிரிகாயே’ என்பார்கள். உன் லைசென்ஸை ஜாஃப் என்கிற ஜப்பான் வாகனக் கூட்டமைப்பிடம் கொடுத்தால் ஜப்பானிய மொழிபெயர்ப்பு தருவார்கள். லைசென்ஸ் எடுத்த பிறகு குறைந்தது மூன்று மாதம் இந்தியாவில் இருந்தாய் என்று பாஸ்போர்ட் வைத்துக் காட்ட வேண்டும். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் எடுத்துப் போ. என் கார்டில் புதுப்பித்த தேதிதான் பளிச்சென்று இருந்தது. முதன்முதலில் எடுத்த தேதி எங்கே என்று கேட்டு அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் தம்பியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிச் சான்று வாங்கி வரவழைக்க ஒரு மாதம் போயிற்று.

எழுத்துத் தேர்வு நான் போனபோது பத்தே கேள்வி, ஏழு சரியாக இருந்தால் போதும். குழந்தைகூட எழுதிவிடும். 2025 அக்டோபர் 1 முதல் ஐம்பது கேள்வி, அதில் 45 சரியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதலாம். படித்துவிட்டுப் போ.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பத்து வருடம் ஓட்டியவன் என்ன கற்பது என்றுதானே கேட்டாய்? நானும் பதினோரு வருட சர்வீஸோடு, ஆர்.டி.ஓ. முன்னால் கால் ஊன்றாமல் எட்டு போட்டவன் என்கிற மிதப்போடு போனேன். முதல் தேர்வில் நான் வண்டியைக் கிளப்பி நூறு மீட்டர்கூடப் போகவில்லை, அதற்குள் ஃபெயில் ஆகிவிட்டேன். அதுகூட எனக்குத் தெரியவில்லை. முழு வட்டமும் சுற்றி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது என்ன? ஊர்ப் பழக்கத்தில் ஸ்டாண்டைத் தட்டினேன், காலைத் தூக்கிப் போட்டேன், கிளம்பினேன். இங்கே ஏறுவதற்கு முன்பே பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தபடியேதான் ஏற வேண்டும். கண்ணாடியைத் தொட்டுச் சரிசெய்து, மறுபடியும் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் கிளட்ச். கண்ணாடியில் பார்த்தது கணக்கில் சேராது, தலை திரும்ப வேண்டும். நிற்கும்போது இடது கால் மட்டும் தரையில், வலது கால் பின் பிரேக்கில். நான் பேருந்து நிலையத்தில் ஆளுக்குக் காத்திருப்பவன் மாதிரி இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். இடதுபுறம் திரும்பும்போது ஓரத்தை ஒட்டி வர வேண்டும். நமக்கும் ஓரத்துக்கும் நடுவே சந்து விட்டால் அதில் ஒரு சைக்கிள் நுழையும், திரும்பும்போது அவனை நாமே அடிப்போம். ஒட்டி வந்தாலும் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும். கவிழ்ந்த சிவப்பு முக்கோணத்தில் ‘தோமாரே’ என்று எழுதியிருந்தால் முழுதாக நிற்க வேண்டும். நாய்கூட இல்லாத தெருவானாலும் சக்கரம் நின்றே ஆக வேண்டும்.

இதெல்லாம் மனப்பாடம் செய்யக்கூடியது. செய்துகொண்டு இரண்டாவது முறை போனேன். அங்கே பாலம் காத்திருந்தது.

பாலம் என்றால் பாலம் இல்லை, ஒரு பலகை. பதினைந்து மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூரில் கண்மாய் வரப்பில் அரிசி மூட்டையோடு போயிருக்கிறேன். ஆனால் இதில் வேகமாகப் போகக் கூடாது. 400 சி.சி. வரைக்குமான உரிமத்துக்கு ஏழு விநாடியாவது பலகை மேல் இருக்க வேண்டும். 400-க்கு மேல் என்றால் பத்து விநாடி. குறைந்தால் மதிப்பெண் போகும். சக்கரம் பலகையிலிருந்து இறங்கினால் தேர்வு அங்கேயே முடிந்தது. ஏழு விநாடி என்றால் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் குறைவான வேகம். வண்டியோ இருநூறு கிலோ. நம் கை தானாக என்ன செய்யும்? தடுமாறினால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். பத்து வருடம் நம்மைக் காப்பாற்றியது அந்த முறுக்குதான். லாரிக்கும் மாட்டுக்கும் நடுவே அது உதவும், பலகையில் உதவாது. பத்தாவது மீட்டரில் முன்சக்கரம் இறங்கியது.

அப்புறம் ரோஷத்தை விட்டுவிட்டு, ஒரு பள்ளியில் பயிற்சிக்கு மட்டும் மூன்று மணி நேரம் காசு கட்டினேன். வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு அப்போது அரைகுறை ஜப்பானிய மொழி. அவர் அதிகம் பேசவில்லை. என் முழங்காலைத் தட்டி டேங்கை இறுக்கிப் பிடி என்றார், பின் பிரேக்கைக் காட்டினார், பலகைக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டினார். சக்கரத்தைப் பார்த்தால் விழுவாய், மரத்தைப் பார். கிளட்ச் பாதியில், ஆக்ஸிலரேட்டர் ஒரே நிலையில், வேகத்தைப் பின் பிரேக்காலேயே தேய்த்துத் தேய்த்துக் குறை. முன் பிரேக்கைத் தொடவே தொடாதே.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் ஒன்று ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு எங்கள் தெருவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள், கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு. எட்டாம் வகுப்பில் நான் அதில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கிறேன். அதுதான் இது! மறுநாள் காலையிலிருந்து அரகாவா ஆற்றங்கரைப் பாதையில் வெள்ளைக் கோட்டின் மேல் சைக்கிளை நகர்த்த ஆரம்பித்தேன். மூன்று வாரம். ஓட வருகிற தாத்தாக்கள் என்னைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போதும் நான் அதே இடத்தில் இருப்பேன். மூன்றாவது தேர்வில் பலகை மேல் எட்டு விநாடிக்குப் பக்கம் நின்றேன். வளைந்து வளைந்து போகிற ஸ்லாலமில் சொதப்பினேன், எட்டு விநாடிக்குள் முடிக்க வேண்டியது, தாண்டிவிட்டது. கொஞ்சம் மதிப்பெண் போனாலும் பாஸ்.

வண்டி 250 சி.சி.க்குள் வாங்கு. அதற்கு மேல் போனால் ‘ஷாக்கென்’ என்கிற அரசு பரிசோதனை உண்டு. புது வண்டிக்கு முதல் மூன்று வருடத்தில், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 125-க்குள் வாங்கினால் விரைவுச் சாலையில் ஏற முடியாது. நடுவில் இருப்பதுதான் நமக்கு. நான் வைத்திருப்பது பழைய சுசுகி ஜிக்ஸர் 150. இந்தியாவில் செய்து இங்கே கொண்டு வந்து விற்கிற வண்டி. என்னை மாதிரியே வந்து சேர்ந்தது என்பதால் கொஞ்சம் கூடுதல் பாசம். 350 சி.சி. பரவாயில்லை, ஷாக்கென் செலவும் பரவாயில்லை என்றால் நம் சென்னைப் பக்கத்து ராயல் என்ஃபீல்டே இங்கே கிடைக்கிறது. ஒரு சிக்னலில் அந்த டுப் டுப் சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன், ஓட்டியவர் அறுபது வயது ஜப்பானியர்.

இன்னொன்று. முதல் முறை ஒக்குதாமா ஏரிப் பக்கம் மலைப் பாதையில் போனபோது எதிரே வந்த பைக்காரர் இடது கையைத் தூக்கினார். நம்மூர் வழக்கப்படி முன்னால் போலீஸ் செக்கிங் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அடுத்தவரும் தூக்கினார். பயந்துபோய் ஓரங்கட்டி ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்துச் சரிபார்த்தேன். அது வணக்கமாம். பைக்காரர்கள் ஒருவருக்கொருவர் வைப்பது. குளிர்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதே. வெயில் படாத வளைவுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.


பதில் 3: பிங்க் நம்பர்பிளேட்

அரகாவா அண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளியை அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம். நான் சேலத்தில் ஸ்கூட்டி மட்டும் ஓட்டியவள். இங்கே 125 சி.சி. ஆட்டோமேட்டிக் உரிமத்துக்குப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் வகுப்பில் வண்டியைத் தரையில் சாய்த்து வைத்து, தூக்கு என்றார்கள். நான் ஐந்தடி. கையால் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. ஹேண்டிலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு காலால் தள்ளி எழு என்று சொல்லிக் கொடுத்தார்கள், எழுந்துவிட்டது. பத்து வருடம் ஓட்டியவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குப் பாலம் ஐந்து விநாடிதான், அதுவே போதுமென்று ஆகிவிட்டது.

செலவு உண்டு. 400 சி.சி. வரைக்குமான உரிமத்துக்கு, கையில் எந்த ஜப்பான் உரிமமும் இல்லாதவருக்கு, வண்டிப் பயிற்சி மட்டும் 19 மணி நேரம், பாடம் 26 மணி நேரம். ஒரு லட்சம் யென்னைத் தாண்டிவிடும். கார் உரிமம் இருந்தால் 17 மணி நேரமும் ஒரு மணி நேரப் பாடமும்தான். ஆகவே தம்பி, ஊரில் காரும் ஓட்டியிருந்தால் முதலில் கார் லைசென்ஸை மாற்றிவிட்டு, பைக்குக்குப் பள்ளிக்குப் போகலாம். அந்த வழியை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

125-ஐக் கிண்டல் செய்யாதீர்கள். பிங்க் பிளேட்டை வார்டு அலுவலகத்திலேயே வாங்கிவிடலாம், வருட வரி 2,400 யென். எங்கள் வீட்டுக்காரரின் கார் இன்சூரன்ஸோடு சேர்த்து இதற்கும் போட்டுக்கொண்டோம். சந்தைக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் இதுதான்.


கோவில்பட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஸ்லோ சைக்கிள் ரேஸ் என்றதும் சிரித்துவிட்டேன் அண்ணா, நான் அதில் எப்போதும் முதல் ஆளாகத் தோற்கிறவன். கார் லைசென்ஸ் கிடையாது அக்கா, அதனால் பைக்கையே மாற்றப் போகிறேன். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டேன். மாமா சொன்னதைக் கேட்டு ஒப்பந்தத்தைப் படித்தேன், பைக் கூடாது என்றுதான் இருக்கிறது. மூன்று தெரு தள்ளி மாத வாடகைக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறேன்.

இன்சூரன்ஸ் பற்றிச் சொல்லுங்கள். மனைவியை ஏற்றுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?


அரகாவா கரை

வேண்டுமென்றுதான் திறக்கவில்லை. புதிதாக பைக் உரிமம் எடுத்தவர் முதல் ஒரு வருடம் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. ஊரில் ஓட்டிய வருடங்களை உன் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை உரிமம் வாங்குகிற அன்றைக்கே கவுன்ட்டரில் கேட்டுத் தெரிந்துகொள். விரைவுச் சாலையில் இருவர் போக இருபது வயதும் மூன்று வருட உரிமமும் வேண்டும். டோக்கியோ நகர நடுவே போகிற விரைவுச் சாலையில் சில பகுதிகளில் இருவருக்கு அனுமதியே இல்லை. சித்திரைக்கு ஃபுஜி மலையை ரயிலில் காட்டு.

இன்சூரன்ஸ் இரண்டு. ‘ஜிபாய்செகி’ கட்டாயம். அது எதிராளியின் உடம்புக்கு மட்டும்தான்: காயத்துக்கு 12 லட்சம் யென் வரை, உயிர் போனால் 3 கோடி வரை. காருக்கோ கடைக் கண்ணாடிக்கோ ஒரு யென் தராது. 250-க்குள் வண்டிக்கு ஷாக்கென் இல்லாததால் இதைப் புதுப்பிக்க யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். நம்பர்பிளேட்டில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, நாமாகப் போடுவது. அதைப் போடாமல் சாவியைத் திருகாதே.

நான் வண்டி வாங்கிய நாலாவது நாள், கடை வாசலில் நின்ற இடத்தில் சாய்ந்து பக்கத்துக் காரின் கதவைக் கீறினேன். கார்க்காரர் வந்தார். நான் குனிந்தேன், அவரும் குனிந்தார். சின்னக் கீறல்தானே, காசைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று நான் பர்ஸை எடுத்தேன். அவர் பதறிப் போய் 110-ஐ அழைத்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, அவர் கோபத்தில் அழைக்கவில்லை. எவ்வளவு சின்ன விபத்தானாலும் போலீஸிடம் சொல்வது சட்டம். விபத்துச் சான்று இருந்தால்தான் இன்சூரன்ஸும் பணம் தரும். போலீஸ் வரும்வரை இருபது நிமிஷம் எனக்கும் அவருக்கும் பேசப் பொருள் இல்லை. இயந்திரத்தில் இரண்டு சூடான காபி வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

அப்புறம், ஹார்னை மறந்துவிடு. தேவையில்லாமல் அடித்தால் 3,000 யென்.


கோவில்பட்டிக்காரன் (இரண்டு மாதம் கழித்து)

எழுத்துத் தேர்வில் 47. நேற்று வண்டித் தேர்வு. ஏறும்போது பார்த்தேன், இறங்கும்போது பார்த்தேன், பார்த்துப் பார்த்துக் கழுத்தே வலிக்கிறது. பலகையில் கடைசி ஒரு மீட்டர் இருக்கும்போது, ஆகிவிட்டது என்று கீழே சக்கரத்தைப் பார்த்தேன் அண்ணா. இறங்கிவிட்டது. அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது.


அரகாவா கரை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரைக்கு வா. சைக்கிளோடு.